ராஜ்மாச்சி மலையில் வழி தவறினால்

கல்யாணைக் கடந்து புனே வழியாகத் தென்னாடு செல்லும் வண்டிகள் கர்ஜத் நிலையத்தில் சற்று நேரம் நின்றே புறப்படும் என்பது மும்பைப் பக்கம் குடியேறி வாழும் நம்மவர் அனைவரும் அறிந்ததே. குழந்தைகள் உருளைக்கிழங்கு வடைக்காகச் சன்னல் வழியே கை நீட்டும் அந்த நேரத்தில், வண்டியின் பின்புறத்தில் தள்ளு எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. போர்காட் என்னும் மலையேற்றத்துக்கான ஆயத்தம் அது. 1863 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாதை, கடுமையான இடங்களில் 37 அடிக்கு 1 அடி வீதம் உயர்ந்து, கர்ஜத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோணாவளாவை அடைகிறது. மலையேறும் வண்டியில் இடப்புறச் சன்னலோரம் இடம் கிடைத்தவர்கள், குகைகளுக்கு இடையே அவ்வப்போது விரியும் உல்லாஸ் நதியின் ஆழ்ந்த பள்ளத்தாக்கையும், அதற்கு அப்பால் அருகருகே எழுந்து நிற்கும் இரண்டு குன்றுகளையும் பார்த்திருப்பார்கள். அந்தக் குன்றுகள்தாம் ராஜ்மாச்சி.

ஒன்றின் மேல் ஸ்ரீவர்த்தன் கோட்டையும், மற்றொன்றின் மேல் மனரஞ்சன் கோட்டையும் இருக்கின்றன. உயர்ந்ததான ஸ்ரீவர்த்தன் சுமார் 3,000 அடி உயரமுடையது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் உதேவாடி என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. லோணாவளாவிலிருந்து செல்வோர் துங்கார்லி வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்கவேண்டும். நெடுவழியாயினும் ஏற்ற இறக்கம் அதிகமில்லை. கர்ஜத் பக்கத்திலிருந்து செல்வோர் கொண்டிவடே என்னும் கிராமத்தில் தொடங்கி, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் கொண்டாணே பௌத்தக் குகைகளைத் தரிசித்துவிட்டுக் காட்டினூடே செங்குத்தாக ஏறவேண்டும்; தூரம் குறைவு, சிரமம் மிகுதி. மழைக்காலம் தொடங்கும் முன் இக்காட்டில் மின்மினிகள் மரம் மரமாக ஒளிர்வதைக் காண்பதற்கென்றே மக்கள் திரளாக வருகிறார்கள். நம் நீலகிரிக் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலர்வதைப்போல, அதன் உறவான கார்வி என்னும் செடி இங்கே ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டாகப் பூக்கிறது. பூவாத ஆண்டுகளிலோ அச்செடி ஆளுயரத்துக்கும் மேல் புதராக வளர்ந்து, எதிரே வருபவர் முகத்தையும் மறைத்துவிடும்.

இத்தகைய இடத்துக்கு நம் சங்கத்துக் குடும்பத்தார் ஆண்டுதோறும் போய்வருகிறார்கள். போகவேண்டும் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் இந்த மலையில் வழி தவறியவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது சமவெளியில் பிறந்த நமக்கு இயல்பாகத் தோன்றாத செய்தி. அதைச் சொல்வதற்கு முன், மலையின் அமைப்பைச் சற்று விளக்கவேண்டும்.

சஹ்யாத்ரி மலையின் இப்பகுதி, ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. குழம்பு ஒரே தடவையில் வரவில்லை. ஒன்று உறைந்தபின் அதன் மேல் மற்றொன்றாகப் பல தடவை பரவிற்று. தட்டிலே தோசையின் மேல் தோசை அடுக்கியதைப்போல என்று சொன்னால் பெண்மணிகள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பிற்காலத்து மழையும் ஆறுகளும் இவ்வடுக்குகளின் விளிம்பை அரித்தபோது, மலையின் மேற்குமுகம் மாபெரும் படிக்கட்டு போல் ஆயிற்று. படியின் மேற்புறம் அடர்ந்த காடும் மண்ணும் உடைய சமதளம். இதை இவ்வூரார் சேலையின் முந்தானையைக் குறிக்கும் 'பதர்' என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். படியின் நிமிர்ந்த முகமோ புல்லும் முளைக்காத செங்குத்துப் பாறை. இதற்குக் 'கடா' என்று பெயர். நூற்றுக்கணக்கான அடி உயரமுள்ள கடாக்கள் இங்கே சாதாரணம்.

ஆகவே இம்மலையில் சரிவு என்பது ஒரே சீராக இறங்குவதில்லை. அரை மணி நேரம் மெத்தென்ற காட்டுச் சரிவில் இறங்கி வருபவன், காடு முடிகிற இடத்தில் திடீரென்று ஆகாயத்தின் விளிம்பில் நிற்பான். அங்கங்கே பாறை பிளந்த இடுக்குகளில் மட்டுமே கீழே இறங்க வழி உண்டு. எந்த இடுக்கு ஊருக்குப் போகும், எது பாதியில் தொங்கும் என்பதை அங்கேயே பிறந்து மாடு மேய்த்த டாக்கர், மகாதேவ கோளி முதலிய பழங்குடி மக்களே அறிவார்கள். ஓடைகளும் இந்தப் படிகளின் வழியேதான் இறங்குகின்றன. மேல்தளத்தில் குழந்தை விளையாடும் வாய்க்கால் போலச் சலசலக்கும் நீர், நூறு அடி தள்ளி அருவியாக விழுகிறது.

2022 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நாங்கள் ஒன்பது பேர் லோணாவளா வழியாக ராஜ்மாச்சிக்குச் சென்றோம். எங்களில் பெரும்பாலோர் ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவர்கள். கார்டாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும், பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனும் உடன் வந்தார்கள். முதல் நாள் கோட்டைகளைப் பார்த்துவிட்டு, இரவு உதேவாடியில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் திங்கட்கிழமை. முற்பகலில் உணவருந்திவிட்டு, கொண்டிவடே வழியாக இறங்கிக் கர்ஜத்தில் மாலை வண்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் முகடு வரை வந்து பாதையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். பாதை தெளிவாகவே இருந்தது.

முக்கால் மணி நேரம் இறங்கியிருப்போம். கீழேயிருந்து மேகம் ஏறி வந்தது. சமவெளிக்காரர் மேகத்தைத் தலைக்கு மேல் பார்ப்பவர்கள். இங்கே அது காலடியிலிருந்து புகை போல் கிளம்பி, ஐந்து நிமிஷத்தில் மரங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒருவர் முதுகுப்பையை ஒருவர் பார்த்தபடி நடந்தோம். அப்போதுதான் முந்தின வாரத்து மழையில் சரிந்த மண், பாதையை வழித்துக்கொண்டு போயிருந்த இடம் வந்தது. சரிவுக்கு மேலாகச் சுற்றிக்கொண்டு அப்பால் போனோம். அப்பால் பாதை இருந்தது. ஒன்றல்ல, நான்கு இருந்தன. மராட்டியில் 'டோர்வாட்' என்று சொல்லும் மாட்டுத் தடங்கள் அவை. மாடு மேய்ச்சலைத் தேடிப் போகிறது. ஊரைத் தேடிப் போவதில்லை. அதன் தடம் கால் மைல் தூரம் ராஜபாட்டை போல் இருந்துவிட்டுக் கார்விப் புதருக்குள் கரைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்புவதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் எங்களுக்கு ரயில் சத்தம் கேட்டது. பனிமூட்டத்தினூடே எஞ்சினின் ஊதல் ஒன்று, மிக அருகில், காலடியிலேயே எழுந்ததுபோல் கேட்டது. அடுத்து, சக்கரங்கள் ஏற்றத்தில் உராயும் ஒலி. எங்களுடைய ரயில்! எங்களில் இளையவரான ஒரு நண்பர் துள்ளினார்.

"ஐயா, தாக்கூர்வாடிப் பக்கத்து வண்டி! இதோ ஓடையும் இருக்கிறது. இதோடு இறங்கினால் அரை மணியில் தண்டவாளத்தில் போய் நிற்கலாம். இருட்டுவதற்குள் கிளம்புவோம்" என்றார்.

எல்லோருக்கும் கால்கள் அந்தப் பக்கமாகத் திரும்பிவிட்டன. வீட்டில் காத்திருப்பவர்களின் நினைவு, ஈரத் துணி, பசி, வரப்போகும் இருள் ஆகிய யாவும் கீழே, கீழே என்று தள்ளின. பெரியவர் மட்டும் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, சத்தம் பறந்து வரும். நாம் நடந்து போகவேண்டும். முப்பத்து நான்கு வருஷம் இந்தக் காட்டில் வண்டியோடு ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தச் சன்னலிலிருந்து இந்த மலையைப் பார்த்தவன் நான். நடுவில் இருக்கிற பள்ளத்தையும் பார்த்திருக்கிறேன். சிக்னல் தெரியாவிட்டால் என்ன செய்வான் டிரைவர்? சொல்லுங்கள்" என்றார்.

ரயில்வேயில் உள்ளவர்கள் அதற்கு விடையை மனப்பாடமாக அறிவார்கள். சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் அது காணப்படாவிட்டாலும், சரியாகத் தெரியாவிட்டாலும், அது காட்டக்கூடிய மிகக் கடுமையான நிலையையே காட்டுவதாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. அதாவது, சந்தேகம் வந்தால் நில். நாங்கள் நின்றோம்.

நின்ற பின் முதலில் தலைகளை எண்ணினோம். ஒன்பது. பிறகு பைகளை அவிழ்த்துப் பொருள்களை எண்ணினோம். பிஸ்கட்டுப் பொட்டலம் நான்கு, வெல்லமும் வேர்க்கடலையும் ஒரு பை, தண்ணீர் ஐந்து புட்டி, டார்ச் விளக்கு இரண்டு, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, பாலித்தீன் பைக்குள் நனையாமல் வைத்திருந்த மாற்றுச் சட்டைகள் ஆறு, ஒரு செய்தித்தாள். பெரியவர் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்த பொருள்தான் பத்தாவது ஆளாக எங்களுக்கு உதவியது. கார்டு வேலையில் பழகிய அவருடைய விசில்.

எண்ணி முடித்தபோது எங்கள் மனக்கலக்கம் பாதி தணிந்திருந்ததை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. வழி தவறியவனை முதலில் கொல்ல வருவது பயம். பயம் காலை வேகப்படுத்தும். வேகம் கண்ணை மறைக்கும். உட்கார்ந்து எண்ணத் தொடங்கியவனிடம் பயம் நெருங்கத் தயங்குகிறது.

தங்குமிடத்தைத் தேடியபோது, ஓடைக்கருகே மணல் படிந்த ஒரு நல்ல சமதளம் தென்பட்டது. பெரியவர் அதை வேண்டாமென்றார். செங்குத்துப் பாறையின் அடியில் கூரை போன்ற ஓர் இடம் இருந்தது. மழையில் அங்கே கல் விழும் என்று அதையும் விட்டோம். ஓடையிலிருந்து நன்றாக மேலேறி, இரண்டு பெரிய மரங்களுக்கு இடையே மேடான இடத்தில் விரிப்பைக் கட்டினோம். இரவு எட்டு மணிக்குமேல் மழை கொட்டிற்று. ஒன்பதரை மணிக்கு டார்ச்சை அடித்துப் பார்த்தபோது, மாலையில் நாங்கள் நின்று பேசிய மணல் திட்டு இருந்த இடத்தில் கலங்கிய வெள்ளம் மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

அன்று இரவு எங்களை வருத்தியது பசியன்று, குளிர். வெப்ப நாட்டில் குளிரால் சாவதுண்டா என்று கேட்பார்கள். நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால், மூவாயிரம் அடிக்குக் குறைவான மலையிலும் உடற்சூடு குன்றிவிடும். பதினொரு மணிக்குப் பையன் பேசுவதை நிறுத்தினான். கேட்ட கேள்விக்கு விடை குழறிற்று. கை விரல்கள் பொத்தானைப் பிடிக்க மறுத்தன. அவனுடைய ஈரச் சட்டையைக் களைந்து, துடைத்து, உலர்ந்த சட்டைகளில் இரண்டை அணிவித்து, அதற்கு மேல் செய்தித்தாளைச் சுற்றி, மற்றொரு சட்டையும் போட்டோம். அடியில் இலையும் சுள்ளியும் பரப்பி அவனை நடுவில் உட்காரவைத்து, நாங்கள் முதுகோடு முதுகு ஒட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். வெல்லத்தைச் சிறு துண்டுகளாக அவன் வாயில் இட்டார் பெரியவர். அவனை உறங்கவிடாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். சென்னை முதல் விழுப்புரம் வரையில் நிலையங்களை அவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். செங்கல்பட்டை விட்டுவிட்டபோது பெரியவர் திருத்தினார். ஒரு மணி கழிந்து அவன் நடுக்கம் மீண்டும் தொடங்கிற்று. நடுக்கம் வந்தது நல்ல குறி என்றார் அவர். உடம்பு தானே சூடுண்டாக்க முயலும் வேலைதான் நடுக்கம். அது நின்றுபோவதே அபாயம்.

கைபேசிகளில் எட்டை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் விழிப்பாக வைத்திருந்தோம். பேசுவதற்குத் தொடர்பு கிடைக்கவில்லை. 'கொண்டிவடே வழி. மண்சரிவுக்கு அப்பால் இருக்கிறோம். ஒன்பது பேரும் நலம். இங்கேயே இருப்போம்' என்று ஒரு குறுஞ்செய்தி எழுதி, அரை மணிக்கு ஒருமுறை அனுப்ப முயன்றோம். நள்ளிரவுக்குப்பின் எப்போதோ மேகம் விலகிய ஒரு கணத்தில் அது போய்ச் சேர்ந்துவிட்டது. பேச்சுக்கு எட்டாத இடத்திலும் குறுஞ்செய்திக்குச் சில சமயம் வழி கிடைப்பதுண்டு. டோம்பிவலியில் விழித்திருந்த எங்கள் வீட்டார், நாங்கள் எழுதி வைத்துவிட்டு வந்த காகிதத்தில் இருந்த உதேவாடி வீட்டின் தொலைபேசி எண்ணைப் பார்த்து உடனே செய்தி சொன்னார்கள்.

பொழுது விடிந்ததும் பெரியவர் விசிலை மூன்று முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் மூன்று முறை ஊதினார். இப்படி அரை மணி நேரம். மூன்று என்பது மலையேறுவோர் பலரும் அறிந்த அபாயக் குறி. மூன்று ஊதல், மூன்று ஒளி, மூன்று கூப்பாடு எதுவாயினும் சரி. வாய்விட்டுக் கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும், விசிலுக்குக் களைப்பில்லை. ஏழு மணிக்கு மேலேயிருந்து ஒரு கூவல் பதிலாக வந்தது. தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் கத்தியுடன், முதல் நாள் எங்களுக்குச் சோறிட்ட அதே மனிதரும் அவருடைய ஊரார் இருவரும் இறங்கி வந்தார்கள்.

அதற்குள் மேகம் கலைந்திருந்தது. புறப்படும் முன், மாலையில் துள்ளிய இளைய நண்பர் ஓடையைப் பார்த்துவர விரும்பினார். ஊரார் ஒருவர் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார், நாங்களும் பின்தொடர்ந்தோம். அறுபது எட்டுக்கூட நடக்கவில்லை. ஓடை ஒரு பாறை விளிம்பில் வளைந்து, அப்பால் இல்லாமற்போயிற்று. எட்டிப் பார்த்தால் பனைமரங்களைப் பத்துப் பன்னிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினாலும் எட்டாத ஆழம். அதற்கும் அப்பால், அகன்ற பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில், தீப்பெட்டி வரிசை போல் ஒரு சரக்கு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. அதன் ஊதல் இப்போதும் காலடியில் கேட்பதுபோலவே கேட்டது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியெல்லாம் பெரியவருடைய பையைத் தாமே சுமந்து வந்தார்.

இம்மலைகளில் எல்லோருக்கும் அவ்வாறு முடிவதில்லை. நாங்கள் போவதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 மே மாதத்தில், லோணாவளாவை அடுத்த நாகபணி முகட்டருகே வழி தவறிய வெளியூர் இளைஞர் ஒருவர், நான்கு நாள் தேடலுக்குப்பின் ஆழ்ந்த பள்ளத்தில் உயிரற்றுக் கிடக்கக் கண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சில குடும்பங்கள் கலங்குகின்றன. லோணாவளாவில் 'சிவதுர்க மித்ர' என்னும் அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள், தங்கள் அலுவலை விட்டுவிட்டு, கயிறும் விளக்குமாக இரவென்றும் மழையென்றும் பாராமல் இத்தகையவர்களைத் தேடி இறங்குகிறார்கள். தேடப்படுபவர் ஓரிடத்தில் இருந்தால் அவர்கள் வேலை எளிதாகிறது. அவர் நகர்ந்துகொண்டே இருந்தால், தேடவேண்டிய பரப்பு மணிக்கு மணி பெருகுகிறது.

வழி தவறினால் ஓடையைப் பின்பற்று, அது ஆற்றிற் சேரும், ஆறு ஊரிற் சேரும் என்று நாம் சிறு வயதில் படித்திருப்போம். அந்த உபதேசம் பொய்யன்று. அது பிறந்த நிலம் வேறு. 1971 டிசம்பர் 24 அன்று, பெரு நாட்டின் அமேசான் காட்டுக்கு மேல் மின்னல் தாக்கிய விமானம் ஒன்று சிதறிற்று. அதிலிருந்த 92 பேரில் பிழைத்தவர் ஜூலியானே கோப்கே என்னும் 17 வயதுப் பெண் ஒருவரே. காட்டு ஆராய்ச்சி செய்த தந்தையிடம் கற்றிருந்தபடி அவர் ஒரு சிற்றோடையைப் பற்றிக்கொண்டு பத்து நாளுக்கு மேல் நடந்து மனிதர் இருக்குமிடத்தை அடைந்தார். அந்தக் காடு தாழ்ந்த சமவெளி. அங்கே நீர் வளைந்து வளைந்து மெல்ல நகர்கிறது. சஹ்யாத்ரியின் நீர் விழுகிறது. அதே உபதேசத்தை இங்கே கடைப்பிடிப்பவன், எங்கள் ஓடையின் அறுபதாவது எட்டில் என்ன ஆவான் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகையால் இம்மலைகளில் வழி தவறியவன், தெரியாத சரிவில் ஓரடியும் இறங்கலாகாது. வெளிச்சமும் தெம்பும் இருந்தால், கடைசியாக ஐயமின்றி அறிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்பி ஏறவேண்டும். அது முடியாதெனில் நின்ற இடத்திலேயே பாதுகாப்பான மேட்டைத் தேடி அமரவேண்டும். ஏறுவது சிரமம், இறங்குவது சுலபம். களைத்தவனுக்குச் சுலபமானதே சரியாகத் தோன்றும். இரவில் கொங்கணத்து ஊர்களின் விளக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் மினுங்கும், ரயில் கூப்பிடும். இரண்டையும் நம்பக்கூடாது.

காத்திருப்பவனுக்குத் தேவையானவற்றின் வரிசையையும் அறிந்திருப்பது நல்லது. நனைந்து காற்றில் நிற்பவன் சில மணி நேரத்தில் சோர்ந்துபோவான். ஆகவே முதலில் உலர்ந்த துணியும் மறைவும். நீரின்றி மனிதன் சுமார் மூன்று நாள் தாக்குப்பிடிக்கலாம், கோடையில் அதுவும் குறையும். ஆகவே அடுத்தது நீர். உணவின்றிப் பல நாள் உயிர் தரிக்கலாம். ஆகவே பசிக்கு அஞ்சித் தெரியாத காயையும் கிழங்கையும் தின்ன வேண்டுவதில்லை. கோட்டைகளின் மேல் பாறையில் குடைந்த பழைய நீர்த்தொட்டிகள் இருப்பினும், கோடையில் அவை பல வற்றியிருக்கும். ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்து செல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம். கடியுண்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து, ஆளைச் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே வைத்தியம். பாறைகளில் பெருந்தேன் கூடுகள் தொங்கும் இடத்தில் புகையும் கூச்சலும் கூடவே கூடாது.

நின்று காத்திருப்பது கோழைத்தனமன்று. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டை அடுத்த மலம்புழையில், குறும்பாச்சி மலையின் செங்குத்துப் பாறை இடுக்கில் விழுந்து சிக்கிய இளைஞர் ஒருவர், உணவும் நீருமின்றி ஏறத்தாழ இரண்டு நாள் அந்த இடுக்கிலேயே அமர்ந்திருந்தார். தாம் இருக்கும் இடத்தைக் கைபேசியால் தெரிவித்திருந்தார். ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள்.

காத்திருக்கக் கூடாத வேளை ஒன்று உண்டு. அது காட்டுத் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறி இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். தீ மேல்நோக்கி வேகமாகப் பரவும். உலர்ந்த புல் அதற்கு எண்ணெய். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் புல்வெளிச் சரிவுகளைத் தவிர்ப்பதும், புகை கண்டால் புல்லற்ற பாறைவெளியை நாடுவதும், நாமே தீ மூட்டாமலிருப்பதும் கடமை.

மொழி தெரியாமையும் ஓர் அபாயமே. இவ்வூரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் சந்தைக்கு வேண்டிய நான்கு சொற்களோடு நின்றுவிட்டவர்கள் நம்மில் உண்டு. காட்டில் ஒரு மேய்ப்பனைக் கண்டால் 'மாமா' என்றும், மூதாட்டியைக் கண்டால் 'மாவ்ஷி' என்றும் அழையுங்கள். 'வாட் சுக்லோ' என்றால் வழி தவறினேன் என்று பொருள். 'காவ் குடே ஆஹே' என்றால் ஊர் எங்கே என்று கேட்டதாகும். எங்களைத் தேடிவந்த மனிதர் அன்று காலை பாக்ரியும் மிளகாய்ச் சட்னியும் பொதிந்து கொண்டுவந்திருந்தார். அவருடைய பேச்சில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை. பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம் கோணியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்ததற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஆயினும் நன்றி சொல்ல எங்களுக்கு வேண்டியிருந்தது. அதன்பின் எங்களில் ஐந்து பேர் மாலை வேளைகளில் மராட்டி படித்து வருகிறோம்.

மலைக்குப் புறப்படும் நாளில் ஒரு காகிதத்தை வீட்டில், காலண்டருக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். போகிறவர்கள் யார் யார், எந்த நிலையத்தில் இறங்கி எந்தக் கிராமத்தின் வழியாக ஏறுகிறார்கள், எந்த வழியாக இறங்குகிறார்கள், இரவு தங்கும் வீட்டின் தொலைபேசி எண் என்ன, எந்த வண்டியில் திரும்புகிறார்கள் என்பவற்றை அதில் எழுதுங்கள். எந்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் 112 என்ற எண்ணுக்கும் அந்தக் கிராமத்துக்கும் தெரிவிக்கவேண்டும் என்பதையும் கடைசி வரியாகச் சேருங்கள். எங்கள் காகிதத்தில் அந்த நேரம் இரவு பத்து மணி என்றிருந்தது. பத்து மணிக்கே எங்கள் வீட்டார் உதேவாடிக்கு ஒருமுறை பேசியிருந்தார்கள் என்றும், குறுஞ்செய்தி வரும் முன்னரே அந்த மனிதர் கத்தியைத் தீட்டி வாசலில் வைத்துவிட்டு விடியலுக்காகக் காத்திருந்தார் என்றும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.